நாற்காலியும் வாக்கும்: தண்டனை ஆணையத்தில் யார் உட்காருவது?

2020 மே மாதம், ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நேரத்தில், குற்றவியல் சட்டங்களைத் திருத்துவது பற்றி ஆலோசனை சொல்வதற்காக மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு குழு போட்டது. ஐந்து பேர். ஐந்து பேரும் ஆண்கள். பெண் ஒருவர்கூட இல்லையே, தலித், ஆதிவாசி, சிறுபான்மையினர் யாரும் இல்லையே என்று வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற நீதிபதிகளும் கடிதம் எழுதினார்கள். அதை ஒட்டி இங்கேயும் நண்பர்கள் கையெழுத்து வாங்கினார்கள். நான் போட்டேன். கதை எழுதுகிற நண்பர் ஒருவர், இருபது வருஷமாகக் கைதிகளுக்காக ஜெயிலுக்கும் கோர்ட்டுக்கும் அலைகிறவர், போட மறுத்துவிட்டார். "அஞ்சு ஆம்பளைங்க இருந்த எடத்துல ஒரு பொம்பளயையும் ஒரு தலித்தையும் உக்கார வச்சுட்டா அது நம்ம கமிட்டி ஆயிடுமா தோழர்? உக்காந்தவங்க அவங்க மாதிரி ஆயிடுவாங்க. அவ்வளவுதான்" என்றார்.

அன்றைக்கு நான் அவருக்குச் சொன்ன பதில் சொத்தை. இல்லாமல் இருப்பதைவிட இருப்பது மேல்தானே என்று என்னமோ சொல்லிச் சமாளித்தேன். பிரதிநிதித்துவம் பற்றிச் சிறுபத்திரிகைகளில் பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு இது போதாது. யார் உட்காருகிறார்கள், உட்கார்ந்தவர்களில் யாருக்கு வாக்கு இருக்கிறது, அந்த வாக்கை வெளியிலிருந்து யார் அழிக்க முடியும் என்பவை தனித்தனிக் கேள்விகள். அவற்றை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் என் பதில் சொத்தையானதற்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

இதை யோசிக்க நம் நாட்டுக் குழு உதவாது. இங்கே இத்தகைய குழு ஓர் அரசாங்க உத்தரவில் பிறக்கிறது, அறிக்கை கொடுக்கிறது, மறைந்துவிடுகிறது. அதில் யார் இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. உள்ளே வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததா என்பதே வெளியே தெரியாது. சண்டை போடப் பிடிமானம் வேண்டுமே! அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களுக்கான தண்டனை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. எத்தனை நாற்காலி, எந்த நாற்காலிக்கு வாக்கு, எதற்கு இல்லை என்பதெல்லாம் அங்கே சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியதைத் திருத்தியும் இருக்கிறார்கள், திருத்தியதைத் திரும்பத் திருத்தியும் இருக்கிறார்கள். நாற்பது வருஷ அனுபவம். என் நண்பரின் கேள்வியை அந்த ஆணையத்தின் கதையை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

கதை மார்வின் ஃப்ராங்கெலிடமிருந்து தொடங்குகிறது. நியூயார்க்கில் மத்திய நீதிபதியாக இருந்தவர். 1973இல் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். அவருடைய புகார் இதுதான்: குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஆயிரம் விதிகள், நிரூபிக்கப்பட்ட பிறகு, தண்டனை சொல்கிற இடத்தில், விதி ஒன்றுமே இல்லை. ஒரே மாதிரியான வழக்கில் ஒரு நீதிபதி ஆளை வீட்டுக்கு அனுப்புவார், பக்கத்து அறை நீதிபதி பத்து வருஷம் உள்ளே தள்ளுவார். ஏன் என்று கேட்க முடியாது. இதற்கு வழியாக ஃப்ராங்கெல் ஒரு நிரந்தர ஆணையத்தை முன்மொழிந்தார். அதில் யார் யார் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். வழக்கறிஞர்கள், நீதிபதிகள், குற்றவியல் அறிஞர்கள். அவர்களோடு சமூகவியலாளர்கள், உளவியலாளர்கள், வணிகர்கள், கலைஞர்கள். கடைசியாக, வேண்டுமென்றே அழுத்தம் கொடுப்பதற்காகக் கடைசியில் வைத்து, சிறையில் இருந்தவர்கள் அல்லது இருக்கிறவர்கள்.

கலைஞர்களையும் கைதிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க நினைத்த அந்த நீதிபதியை எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது.

பதினோரு வருஷம் கழித்து, 1984இல், தண்டனைச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஆணையமும் வந்தது. வாக்குள்ள உறுப்பினர் ஏழு பேர். குடியரசுத் தலைவர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். குறைந்தது மூன்று பேர் மத்திய நீதிபதிகள். ஒரே கட்சிக்காரர்கள் நான்கு பேருக்கு மேல் கூடாது. நியமிப்பதற்கு முன் யார் யாரைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது: நீதிபதிகள், அரசு வழக்கறிஞர்கள், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள், போலீஸ் போன்ற சட்ட அமலாக்க அதிகாரிகள், மூத்த குடிமக்கள், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள், பிறகு 'அக்கறையுள்ள மற்றவர்கள்'. மூத்த குடிமக்கள் எப்படி இதற்குள் நுழைந்தார்கள் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதியவர்கள் குற்றத்துக்குப் பயப்படுகிறார்கள், தவறாமல் ஓட்டும் போடுகிறார்கள். வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. ஃப்ராங்கெலின் பட்டியலில் கடைசியாக அழுத்தத்தோடு நின்ற கைதி இந்தப் பட்டியலில் 'மற்றவர்கள்' என்ற சொல்லுக்குள் கரைந்துபோனார். கலைஞர்களும்தான்.

ஆணையம் செய்த வேலையின் உருவத்தைப் பார்த்தால்தான் நாற்காலியின் மதிப்பு புரியும். 1987 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த வழிகாட்டு நெறிகளின் மையத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. மேலிருந்து கீழாகக் குற்றத்தின் கடுமை, 43 படிகள். இடமிருந்து வலமாகக் கைதியின் முந்தைய குற்ற வரலாறு, 6 பத்திகள். 258 கட்டங்கள். ஜாதகக் கட்டம் மாதிரிதான். உங்கள் படி 32, பழைய வழக்கு ஒன்றும் இல்லை என்றால் உங்கள் கட்டத்தில் 121 முதல் 151 மாதம் என்று எழுதியிருக்கும். 2005இல் உச்ச நீதிமன்றம் இந்நெறிகள் கட்டாயமல்ல, ஆலோசனைதான் என்று தீர்ப்பளிக்கும் வரை, ஏறக்குறைய பதினேழு வருஷம், நீதிபதிகள் இந்தக் கட்டத்தைவிட்டு வெளியே வருவது கடினமாக இருந்தது. அதே 1984 சட்டத்தில் பரோலும் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே கட்டத்தில் உள்ள எண்தான் ஏறத்தாழ ஒரு மனிதனின் வயதிலிருந்து கழியும் எண்.

பிரதிநிதித்துவம் என்ற சொல்லுக்குள் இரண்டு அர்த்தங்கள் ஒளிந்திருக்கின்றன, ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பது அதிகாரத்தின் வழக்கம் என்று காயத்ரி ஸ்பிவாக் மார்க்சை வாசித்துச் சொன்னது நம் வாசகர்களுக்குப் பழக்கமானது. ஒருவரைச் சித்திரிப்பது ஒன்று. ஒருவர் சார்பில் நிற்பது இன்னொன்று. 258 கட்டத்தில் கைதி அளவுக்கு நுணுக்கமாகச் சித்திரிக்கப்பட்ட மனிதப் பிறவி உலகத்தில் வேறு யாரும் உண்டா என்று தெரியவில்லை. கையில் இருந்த சரக்கு எத்தனை கிராம், துப்பாக்கி இருந்ததா, கூட்டத்தில் தலைவனா எடுபிடியா, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ஆனால் கட்டத்தைப் போடுகிற அறையில் அவன் சார்பில் நிற்க ஓர் ஆள் இல்லை. அவனைப் பற்றித் தெரிந்த அளவு அவனிடம் கேட்கப்படவில்லை. ஃபூக்கோ சொல்கிற 'அறிவு-அதிகாரம்' என்பதை இங்கே பலரும் மந்திரம் மாதிரி உச்சரித்துவிட்டுப் போகிறோம். இந்த அட்டவணையின் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் அது எவ்வளவு அலுவலகத்தனமான, எவ்வளவு சாதாரணமான ஒரு காரியம் என்று விளங்கும்.

இனி அந்த அறை. ஏழு பேரைத் தவிர இன்னொரு நாற்காலி சட்டத்திலேயே உண்டு: அட்டர்னி ஜெனரல் அல்லது அவர் அனுப்பும் ஆள். பதவி வழி உறுப்பினர். வாக்கு கிடையாது. வாக்கு இல்லை என்றதும் நாம், வாக்குரிமைக்காகப் போராடிய மரபில் வந்தவர்கள், அதை ஒரு குறை நாற்காலி என்று நினைத்துவிடுகிறோம். அது குறை நாற்காலி அல்ல. குற்றம் சாட்டுகிற துறை, நாடு முழுவதும் வழக்குப் போடுகிற துறை, வரைவு எழுதப்படுகிற மூடிய அறைக்குள் வருஷம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. எது விவாதத்துக்கு வரும், எது வராது, எந்தச் சொல் வைத்தால் தங்களுக்கு நல்லது என்று அது பேசலாம். வாக்கெடுப்பு வரும்போது அது கை தூக்க வேண்டியதில்லை. தூக்குகிற ஏழு கைகளும் அதன் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் தூக்குகின்றன. போதாததற்கு, வாக்கு இல்லாததால் முடிவுக்கான பழியும் அதற்கில்லை.

எதிர்த்தரப்புக்கு என்ன? மத்திய நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டு நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தக் காசில் வக்கீல் வைக்க முடியாதவர்கள். அவர்களுக்காக அரசு ஊதியத்தில் வாதாடுகிற பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர்களுக்கு ஆணையத்தில் நாற்காலி இல்லை. வாக்குள்ளதும் இல்லை, வாக்கில்லாததும் இல்லை. சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருப்பது ஒரு கடிதம்: வருஷத்துக்கு ஒரு முறையாவது தங்கள் கருத்துகளை எழுதி அனுப்ப வேண்டும். இந்தத் தரப்புக்கும் வாக்கில்லாத ஒரு நாற்காலியாவது போடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வந்திருக்கின்றன, நிறைவேறவில்லை. நினைத்துப் பாருங்கள், கேட்பது வாக்குகூட இல்லை. வெறும் நாற்காலி. அதற்கே இவ்வளவு தயக்கம் என்றால் அந்த வெறும் நாற்காலியின் மதிப்பு என்ன என்பது கொடுக்க மறுக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

கைதிக்கும் சட்டம் ஒன்று வைத்திருக்கிறது. தன் தண்டனைக்குப் பயன்பட்ட நெறியை மாற்றக் கோரி அவர் மனுப் போடலாம். ஆணையம் அதைக் கவனத்தில் கொள்ளும். ஆனால் ஒரு நிபந்தனை. மனுவில் சொல்லும் காரணம் மனுதாரருடைய சொந்தச் சூழலோடு சம்பந்தப்பட்டதாக இருக்கக் கூடாது. ஆக, அரசுத் தரப்புக்கு நாற்காலி, வக்கீலுக்குக் கடிதம், கைதிக்குத் தன்னைப் பற்றிப் பேசாத மனு. வர்ணாசிரமம் தெரிந்த நமக்கு இந்த அடுக்கைப் படிக்க உரை தேவையில்லை.

1995க்கு வருவோம். 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டம் ஒன்று போட்டிருந்தது. தூள் கொக்கெய்ன் 500 கிராம் விற்றவனுக்குக் குறைந்தபட்சம் 5 வருஷம். அதையே சமைத்துக் கட்டியாக்கிய கிராக் 5 கிராம் விற்றவனுக்கும் 5 வருஷம். நூற்றுக்கு ஒன்று. இரண்டும் ஒரே மருந்து. ஆனால் கிராக் வழக்கில் மத்திய நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பர்கள். ஆணையம் இதை ஆராய்ந்தது. வழிகாட்டு நெறியில் இரண்டையும் சமமாக்குவது என்று தீர்மானித்தது. வாக்கு 4-3. நெறியைத் திருத்தக் குறைந்தது நாலு வாக்கு வேண்டும் என்பது சட்டம். சரியாக நாலு விழுந்தது. அமெரிக்க நீதி வரலாற்றில் ஆலோசனை அமைப்பு ஒன்றில் இதைவிடப் பெறுமானமுள்ள ஒரு வாக்கு விழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விழுந்து என்ன ஆயிற்று? ஆணையம் மே 1க்குள் அனுப்பும் திருத்தங்கள், நாடாளுமன்றம் தடுக்காவிட்டால், நவம்பர் 1 அன்று தாமாகவே நடப்புக்கு வரும். இதைத் தடுத்தார்கள். ஆணையத்தின் திருத்தத்தை நாடாளுமன்றம் நிராகரித்தது அதுவே முதல் முறை. அக்டோபர் 18 அன்று பிரதிநிதிகள் சபையில் 332-83. அக்டோபர் 30 அன்று கிளின்டன் கையெழுத்திட்டார். கறுப்பர்களின் நண்பர் என்று பெயர் வாங்கியிருந்தவர்.

இடையில் நடந்ததை ஆணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்குறிப்பில் வைப்பார்கள். சபையில் வாக்கெடுப்பு முடிந்த ஓரிரு நாளில் அலபாமாவின் டல்லாடெகா மத்திய சிறையில் கைதிகள் கலகம் செய்தார்கள். வேறு மத்திய சிறைகளுக்கும் பரவியது. நாடு முழுக்க மத்திய சிறைகளில் கைதிகளை அறைகளில் வைத்துப் பூட்டினார்கள். இவர்களில் ஏறக்குறைய யாருக்கும் தேர்தலில் ஓட்டுக்கூடக் கிடையாது. மெய்ன், வெர்மான்ட் உள்ளிட்ட நான்கு மாநிலங்கள்தான் அன்றைக்குச் சிறையிலிருப்பவர்களை ஓட்டுப்போட விட்டன. ஆணையத்தில் இடம் இல்லை, சபைக்கு ஓட்டு இல்லை, மனுவில் தன்னைப் பற்றிப் பேச இடமில்லை. எரிந்த மெத்தைகளைத்தான் அவர்கள் பிரதியாக எழுதினார்கள் என்று நான் அலங்காரமாகச் சொல்லிவிட்டுப் போகலாம், அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் நாம் கெட்டோம். கலகத்தால் அவர்களுக்கு வந்தது பூட்டு. அவ்வளவுதான். நான் கவனிக்கச் சொல்வது, அந்தத் தீர்மானத்தின் வயதை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் சிறையில் இருந்தார்கள் என்பதை. ஆணையத்தில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பதை வெளியே இருந்த எழுத்தாளர்களைவிட அவர்கள் கூர்மையாகப் பின்தொடர்ந்திருக்கிறார்கள்.

வாக்கு தனக்கு ஒத்துவராதபோது அதை நிராகரிப்பது ஒரு வழி. நாற்காலியையே மாற்றுவது இன்னொரு வழி. 2003இல் அது நடந்தது. நீதிபதிகள் கட்டத்துக்குக் கீழே தண்டனை கொடுக்கிறார்கள் என்று நீதித்துறை அமைச்சகத்துக்குக் கோபம். அந்த ஏப்ரலில், குழந்தைகளைக் காப்பது பற்றிய ஒரு மசோதாவோடு ஃபுளோரிடா உறுப்பினர் டாம் ஃபீனி பெயரிலான திருத்தம் ஒட்டிக்கொண்டு வந்தது. அது ஆணையத்தின் அமைப்பையும் தொட்டது. 'குறைந்தது மூன்று நீதிபதிகள்' என்றிருந்த இடத்தில் 'மூன்று நீதிபதிகளுக்கு மேல் கூடாது' என்று எழுதினார்கள். எண் அதேதான். தரையாக இருந்தது கூரையாகிவிட்டது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இது ஒரு நல்ல இலக்கணப் பாடம். பெயர்ச்சொல் பற்றி அவ்வளவு எழுதுகிறோம், அதிகாரம் அடைச்சொல்லில் வேலை செய்துவிட்டுப் போய்விடுகிறது. ஒரு நீதிபதிகூட இல்லாத தண்டனை ஆணையம் சட்டப்படி சாத்தியமாயிற்று. தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட், பழமைவாதி, அவரே நீதித்துறையைக் கேட்காமல் இப்படிச் செய்தார்களே என்று குறை சொன்னார். 2008 அக்டோபரில் சத்தமில்லாமல் ஒரு தொழில்நுட்பத் திருத்தச் சட்டத்தின் வழியாகப் பழைய வாசகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீதிபதிகள் மீது எனக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. ஆனால் தண்டனை சொல்லிவிட்டு அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்கிற ஒரே உறுப்பினர் அவர்தான். அவருடைய எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று அரசுத் தரப்புக்குத் தோன்றியதன் காரணம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இப்போது என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2007இல் ஆணையம் கிராக் நெறியை இரண்டு படி குறைத்தது. டிசம்பர் 11 அன்று அந்தக் குறைப்பு ஏற்கனவே சிறையிலிருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்மானித்தது. சுமார் 19,500 பேருக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரும் என்று ஆணையமே கணக்கிட்டது. வாக்கு 7-0. அறையில் உட்கார்ந்திருந்த அரசுத் தரப்பு எதிர்த்தது; தோற்றது. அட்டர்னி ஜெனரல் மியூகேசி இதைத் தடுக்க நாடாளுமன்றத்திடம் போனார், நாடாளுமன்றம் தடுக்கவில்லை. இந்த ஏழு பேர் ஒன்றும் கலகக்காரர்கள் அல்ல. தலைவர் ரிக்கார்டோ ஹினோஹோசா மிதவாதிகூட இல்லை. முன்னாள் கைதி யாரும் உள்ளே இல்லை. அப்படியானால் உட்காருகிறவர் யார் என்பது முக்கியமே இல்லையா?

33,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்த முறை ஆணையத்துக்கு வந்திருந்தன. கைதிகளின் குடும்பங்கள், அவர்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள், தேவாலயங்கள், வக்கீல்கள். அதோடு 1995இலிருந்து ஆணையமே திரும்பத் திரும்ப அறிக்கை எழுதி, தன்னுடைய அறிவைத் தானே மறுக்க முடியாத இடத்துக்கு வந்து நின்றிருந்தது. ஆக, வெளியிலிருந்து எழுதப்பட்ட கடிதம் வெறும் காகிதம் அல்ல. என் நண்பர் மறுத்த கையெழுத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் 1995க்கும் 2007க்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். கடிதம் நாற்காலியின் வேலையைச் செய்யும். பன்னிரண்டு வருஷம் பிடிக்கும். அந்தப் பன்னிரண்டு வருஷம் யாருடைய வயதிலிருந்து போயிற்று என்பதுதான் நாற்காலி பற்றிய கேள்வி.

நாற்காலி காலியாக இருந்தாலும் ஆள் சாகலாம். 2018 டிசம்பரில் வந்த ஒரு சட்டம், கடும் நோயுற்ற, முதிய கைதிகள் தங்கள் விடுதலைக்குத் தாங்களே நேரடியாக நீதிமன்றத்தை அணுகலாம் என்றது. அதற்கு முன் சிறைத்துறை இயக்குநர் மட்டுமே கேட்க முடியும். இதற்கேற்ப ஆணையம் தன் வழிகாட்டுக் குறிப்பைத் திருத்த வேண்டும். 2019 ஜனவரி முதல் திருத்த முடியவில்லை, ஏனென்றால் நாலு வாக்குக்கு ஆளில்லை. இருந்தது இரண்டு பேர், பிறகு ஒருவர். அந்தக் கடைசி ஒருவர் சார்லஸ் ப்ரேயர். 1985இல் ஆணையம் தொடங்கியபோது முதல் ஏழு பேரில் ஒருவராக இருந்த ஸ்டீஃபன் ப்ரேயரின் தம்பி. (நாற்பது வருஷத்தில் ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் உட்கார்ந்த ஆணையம், ஒரு முன்னாள் கைதியை உட்கார வைக்கவில்லை.) இடையில் கொரோனா வந்தது. பழைய குறிப்பு கைதியே போடும் மனுவைக் கட்டுப்படுத்தாது என்று பெரும்பாலான மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லின. ஃபுளோரிடா, ஜார்ஜியா, அலபாமாவுக்கான நீதிமன்றம் 2021இல் கட்டுப்படுத்தும் என்றது. அதே நோய், அதே வயது. நியூயார்க்கில் தண்டிக்கப்பட்டிருந்தால் ஒரு விதி, ஃபுளோரிடாவில் தண்டிக்கப்பட்டிருந்தால் ஒரு விதி. ஃப்ராங்கெல் 1973இல் எதற்காக ஆணையம் கேட்டாரோ அதே கோளாறு. 2022 ஆகஸ்டில்தான் ஏழு பேரும் நியமிக்கப்பட்டார்கள். மிசிசிப்பி நீதிபதி கார்ல்டன் ரீவ்ஸ் தலைவரானார், அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பர். மறு ஏப்ரலில் குறிப்பு திருத்தப்பட்டது. வாக்கு மறுபடியும் 4-3.

"உக்காந்தவங்க அவங்க மாதிரி ஆயிடுவாங்க" என்றார் நண்பர். ஆகிறார்கள், நிறையப் பேர். ஆனாலும் கெட்டான்ஜி ப்ரௌன் ஜாக்சன் 2005 முதல் 2007 வரை பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞராக இருந்துவிட்டு 2010இல் ஆணையத்துக்குள் வந்தார், 2014 வரை இருந்தார். பிற்பாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்தத் தொழிலைச் செய்த ஒருவர் அந்த அறைக்குள் வருவது சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல, நியமித்தவர் விரும்பியதால். விரும்பாதவர் நியமிக்கும்போது அந்தக் குரல் இல்லை. மின்னசோட்டா மாநிலத்துத் தண்டனை ஆணையத்தில் இது தற்செயலுக்கு விடப்படவில்லை. 1978 சட்டத்தில் பிறந்தது அது; மத்திய ஆணையத்துக்கு மூத்தது. அங்கே அரசு வழக்கறிஞருக்கு ஒரு நாற்காலி என்றால் பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞருக்கும் ஒரு நாற்காலி, பொதுமக்களுக்கும் சில. எல்லாம் வாக்குள்ளவை. சிறையில் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துத் தண்டனை வகுப்பது என்று 1980லேயே முடிவெடுத்த ஆணையம் அது. எதிர்த்தரப்பு வக்கீல் இருந்ததால்தான் அப்படி என்று நான் சொல்லமாட்டேன், நிரூபிக்க முடியாது. இருந்ததால் ஆணையம் இடிந்துவிழவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். மின்னசோட்டாவில் அவர்களுக்கும் இடம் உண்டு. மத்திய ஆணையத்தில் அவர்களுக்கென்று ஒரு நிரந்தர ஆலோசனைக் குழு உண்டு. பழங்குடிகள் பிரச்சினைக்கு ஒன்று, வக்கீல்களுக்கு ஒன்று, நன்னடத்தை அதிகாரிகளுக்கு ஒன்று. இந்தக் குழுக்கள் ஆலோசனை அமைப்புக்கு ஆலோசனை சொல்லும்; வாக்கு இல்லை. 2025இல் இன்னொரு குழு பற்றி ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது: சிறையிலிருந்து வந்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் முதலியோருக்கான குழு. ஃப்ராங்கெலின் புத்தகம் வந்து 52 வருஷம். மேசையில் உட்கார வேண்டியவரை அடுத்த அறை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் குழுவுக்குத் திரும்புகிறேன். அதன் அறிக்கை 2022இல் அரசுக்குப் போனது. புதிய மூன்று சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கின்றன. ஐந்து பேரில் யார் எதை ஏற்றார், யார் எதை மறுத்தார் என்று நமக்குத் தெரியாது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் தண்டனையே பெறாத விசாரணைக் கைதிகள். தேர்தலில் நிற்க அவர்களுக்குத் தடையில்லை. ஓட்டுப் போடத்தான் முடியாது. 2020 கடிதத்தில் நாம் பெண் எங்கே, தலித் எங்கே என்று கேட்டோம். சரியான கேள்வி. விசாரணைக் கைதி எங்கே, அவனுடைய இலவசச் சட்ட உதவி வக்கீல் எங்கே என்று அழுத்திக் கேட்டிருக்க வேண்டும். யார் யார் உட்காருவது என்று சட்டம் போடு, யார் எப்படி வாக்களித்தார் என்று அச்சடி என்றும் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறினால் போதும் என்று நம் கடிதம் சொன்னதாக நண்பர் வாசித்தது நம் கடிதத்தின் குற்றம்தான்.

இதையெல்லாம் போன மாதம் அவரிடம் சொன்னேன். அமெரிக்காவில் நீதிபதி அல்லாத உறுப்பினர்களுக்கு மேல்முறையீட்டு நீதிபதியின் நாள் சம்பளக் கணக்கில் ஊதியம் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் அந்த இடத்தில் நிமிர்ந்தார். "அதச் சொல்லுங்க மொதல்ல. கூலி வேலைக்குப் போறவன், ஜாமீன்ல வந்து வாரா வாரம் ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடுறவன், அவன டெல்லிக்குக் கூப்புட்டா அன்னிக்குச் சம்பளம் யாரு குடுப்பா? ஸ்டேஷன் கையெழுத்த யாரு தள்ளி வைப்பா? கடிதத்துல அதயும் எழுதுங்க தோழர், நான் போடுறேன்."